எதை இழுக்கப் போறீங்க?

மெல்போர்னின் தென்கிழக்கே டாண்டினாங் பகுதியில் டோபார் மாட்டும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது விலை. விலை சொல்லும் முன் நான் கேட்பது, எதை இழுக்கப் போறீங்க என்று. சிலருக்கு அது பிடிப்பதில்லை. கடையில் செருப்பு வாங்கப் போனால் எங்கே நடக்கப் போகிறாய் என்று எவனாவது கேட்கிறானா என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் வராமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது என்பது இத்தனை வருஷத்தில் எனக்குப் படிந்துபோன பழக்கம்.

டோபார் என்பது பம்பருக்கு உள்ளே, காரின் இரண்டு நீளச் சட்டங்களின் பின்முனைகளோடு போல்ட் போட்டு இறுக்கும் கனத்த எஃகுக் குறுக்குச்சட்டம். வெளியே தெரிவது அதன் நடுவிலிருந்து நீளும் நாக்கும், நாக்கின் நுனியில் நிற்கும் 50 மில்லிமீட்டர் குண்டும் மட்டும்தான். டிரெய்லரின் மூக்கிலுள்ள கிண்ணம் அந்தக் குண்டின் மேல் வந்து உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். படகு, காரவன், குதிரை வண்டி, ஞாயிற்றுக்கிழமை குப்பைக் கிடங்குக்குப் போகும் பெட்டி டிரெய்லர், எதுவானாலும் இந்த ஒரு குண்டுதான்.

கோயம்புத்தூரில் நான் தொழில் பழகிய பட்டறையில் டிராக்டருக்குத்தான் கொக்கி அடிப்போம். இழுப்பது டிராக்டரின் பாடு, கார் ஆட்கள் போய்வர என்பது அங்கே பேசாமலே விளங்கிய நியாயம். இங்கே வந்தபோது, குழந்தை இருக்கை மாட்டிய குடும்ப வண்டி ஒன்று பின்னால் படகை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போவதைப் பார்த்து அசந்துபோனேன். இந்த ஊர் ஸ்டேஷன் வேகன்களே அதற்காகத்தான் வளர்ந்தவை. ஃபோர்டு ஃபால்கன் 1960 முதல் 2016 வரை இங்கே தயாரானது. அதன் வேகன் 2010-ல் நிற்கும் வரை பின்னால் லாரி மாதிரிப் பட்டை ஸ்பிரிங்தான். சவாரி கொஞ்சம் முரடு, பாரத்துக்குச் சளைக்காது. 2017 அக்டோபரில் ஹோல்டன் நிறுவனமும் தன் எலிசபெத் ஆலையை மூடியபின் உள்ளூர் வேகன் கதை முடிந்தது. இப்போது எங்கள் லிஃப்டில் ஏறும் குடும்ப வேகன்களில் பெரும்பாலும் சுபாரு அவுட்பேக். காயில் ஸ்பிரிங், சுற்றிலும் சென்சார், உள்ளே கம்ப்யூட்டர். சுகமான வண்டி. ஃபால்கனுக்கு மாட்டுவதுபோல அதற்கு மாட்ட முடியாது.

யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் 2016 மாடல் அவுட்பேக்கோடு வந்தார். ஓய்வு பெற்றவர், சுத்தமாக வைத்திருந்த வண்டி.

“தம்பி, இந்தக் காருக்கு ஒரு ரோபார் பூட்டோணும். என்ன வரும்?”

“பூட்டிடலாங்கண்ணா. எதை இழுக்கப் போறீங்க?”

“இப்ப ஒண்டும் இல்லை. மகன் காரவன் ஒண்டு பாத்து வச்சிருக்கிறான்.”

“எடை எவ்வளவுன்னு சொன்னாங்களாண்ணா?”

“ஆயிரத்து நானூறு கிலோவாம். கார் ஆயிரத்தைஞ்ஞூறு இழுக்குமெண்டு புத்தகத்தில கிடக்கு. சரிதானே?”

புத்தகத்தில் கிடப்பது சரிதான். அந்தத் தலைமுறை அவுட்பேக்கின் 2.5 லிட்டர் வண்டி, பிரேக் உள்ள டிரெய்லரை 1500 கிலோ வரை இழுக்கலாம். குண்டின் மேல் 150 கிலோ வரை அழுத்தலாம். காரவன்காரர் சொன்ன 1400-ம் பொய்யில்லை. ஆனால் அது வெறும் வண்டியின் எடை. ஆலையிலிருந்து வெளியே வரும்போது தண்ணீர்த் தொட்டி காலி, எரிவாயு சிலிண்டர் காலி, அலமாரி காலி. காகிதத்தை எடுத்து அவர் முன்னாலேயே கூட்டினேன். தொட்டி நிறைய 80 லிட்டர் தண்ணீர், அதாவது 80 கிலோ. 9 கிலோ சிலிண்டர் இரண்டு, எரிவாயு மட்டும் 18 கிலோ. ஆக 1498. சட்டி பானை, படுக்கை, மடக்கு நாற்காலி, பேரப்பிள்ளைகளின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் இரண்டு கிலோ.

“அப்ப சோறு சமைக்கேலாது, தண்ணி மட்டும் குடிக்கலாம்” என்றார் பெரியவர். மகனைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, காரவன் முடிவாகட்டும், பிறகு வருகிறேன் என்று கிளம்பினார். பின்னர் மேல்கூரை மடங்கும் சின்ன கேம்பர் ஒன்றை எடுத்தார்கள். அதன் தகட்டைப் படம் பிடித்துக்கொண்டு வந்த பிறகே அவர் வண்டி லிஃப்டில் ஏறியது.

இதில் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. குண்டின் தலையில் 3500 என்று பொறித்திருக்கும். டோபாரின் தகட்டில் வேறொரு எண் இருக்கும். காரின் கையேட்டில் இன்னொன்று. டிரெய்லரின் தகட்டில் மற்றொன்று. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது குண்டில் உள்ளது என்பதால் மனசு அதைப் பிடித்துக்கொள்கிறது. “மூன்றரை டன் தாங்கும்னு போட்டிருக்கே” என்பார்கள். குண்டு தாங்கும், கார் தாங்காது. இந்த எண்களில் எது ஆகச் சிறியதோ அதுதான் உங்கள் எல்லை. எவ்வளவு தடித்த எஃகைக் கொண்டுவந்து மாட்டினாலும் காரின் எண் ஒரு கிலோகூட ஏறாது.

இனி வேலைக்கு வருவோம். முதல் காரியம், எதையும் கழற்றுவதற்கு முன் வண்டிக்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு எல்லா விளக்கையும் போட்டுப் பார்ப்பது. ஏற்கெனவே எரியாத பல்பு பிறகு நம் தலையில் விழும். அதன்பின் டிக்கித் தரையைத் தூக்கி, பின் விளக்குகளை எடுத்து, பம்பரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கழற்ற வேண்டும். மெல்போர்னின் ஜூலை மாதக் காலையில் அந்தக் கிளிப்புகள் தொட்டாலே முறியும். வெந்நீர்த் துணியோ கொஞ்சம் சூட்டுக் காற்றோ காட்டினால் இளகிக் கொடுக்கும். பம்பரின் மூலைகள் உரசும் இடத்தில் பெயின்டின் மேல் டேப் ஒட்டிவிட்டு, இருபக்கமும் ஆள் நின்று ஒரே சமயத்தில் இழுக்க வேண்டும். முழுதாகத் தூக்கிக்கொண்டு நடந்துவிடக் கூடாது. பார்க்கிங் சென்சாரின் வயர் உள்ளே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்.

பம்பர் போனதும் வண்டியின் நிஜமான பின்பக்கம் தெரியும். இரண்டு பெட்டிச் சட்டங்கள், அவற்றின் வாயை மூடிய குறுக்குத் தாங்கி. பல வண்டிகளில் டோபார் அந்தத் தாங்கியின் இடத்தில்தான் போய் உட்காரும். சட்டத்துக்குள்ளே ஆலையிலேயே நட்டுகளை வெல்டு செய்து வைத்திருப்பார்கள். அந்த நட்டுகளில் வருஷக்கணக்கான மெழுகும் மண்ணும் அடைத்துக் கிடக்கும். மரை வெட்டும் டேப்பை விட்டு ஒவ்வொன்றையும் சுத்தம் செய்யாமல் போல்ட்டை ஏற்றினால், பாதி வழியில் இறுகி நிற்கும். இறுகிய போல்ட்டை மெஷின் வைத்து உள்ளே விரட்டினால் நட்டு வெல்டு விட்டுப்போய்ச் சட்டத்துக்குள் சுற்ற ஆரம்பிக்கும். அப்புறம் சட்டத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் எல்லாப் போல்ட்டும் முதலில் விரலாலேயே ஏற வேண்டும் என்பது எங்கள் பட்டறையில் எழுதாத விதி.

துளை போட வேண்டிய வண்டியென்றால், போட்ட துளையின் விளிம்புக்குப் பெயின்ட், உள்ளே துருவைத் தடுக்கும் மெழுகு. கடலுப்புக் காற்றில் ஓடும் வண்டிக்கு இந்த ஐந்து நிமிட வேலையை விட்டால், வெளியே பளபளக்கும் டோபாருக்குப் பின்னால் சட்டம் மெல்ல அரித்துப்போகும். சைலன்சரைத் தொங்கவிட்டிருக்கும் ரப்பர்களைச் சோப்புத் தண்ணீர் தடவி நழுவவிட்டால் இடம் கிடைக்கும். கத்தி வைக்கத் தேவையில்லை.

டோபார் இருபது இருபத்தைந்து கிலோ இருக்கும். தூக்கிப் பொருத்தி, எல்லாப் போல்ட்டையும் தளர்வாக ஏற்றி, இடம் வலம் சமமாக இருக்கிறதா என்று அளந்த பிறகுதான் டார்க் ரெஞ்ச். 8.8 தரத்தில் 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 80 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வரும். 10.9 தரமென்றால் அதற்கும் மேலே. ஆனாலும் நம் கைக்கணக்கு எடுபடாது, டோபாரோடு வரும் தாளில் அச்சிட்டிருப்பதே கணக்கு. இறுக்கி முடித்த போல்ட்டின் தலையிலிருந்து சட்டம் வரை மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுப்பேன். போல்ட் கொஞ்சம் அசைந்தாலும் கோடு முறிந்து காட்டிவிடும்.

பழைய டோபாரைப் பழுது வண்டிக் கிடங்கிலிருந்து மலிவாக வாங்கிக்கொண்டு, “மாட்டி மட்டும் கொடுங்க” என்று வருபவர்களும் உண்டு. எந்த மாடலுக்கு உரியது, எவ்வளவு இழுக்கலாம் என்ற தகடு அதில் இல்லையென்றால் தொடுவதில்லை. மாடல் கொஞ்சம் மாறினாலும் துளை ஒரு விரலளவு தள்ளி நிற்கும். அந்த ஒரு விரலைச் சரிக்கட்ட யாரோ வெல்டு வைத்திருந்தால், எஃகு அந்த இடத்தில் முன்பிருந்த எஃகு இல்லை.

இரும்பு வேலை இவ்வளவுதான். இன்றைய வண்டியில் தலைவலி வயரில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் புழங்குவது தட்டையான ஏழு முனைப் பிளக். மஞ்சள் இடது இண்டிகேட்டர், கறுப்பு ரிவர்ஸ், வெள்ளை எர்த், பச்சை வலது இண்டிகேட்டர், நீலம் டிரெய்லர் பிரேக், சிவப்பு ஸ்டாப் விளக்கு, பழுப்பு பின் விளக்கு. ஃபால்கன் காலத்தில் பின் விளக்கு வயரிலிருந்து நேராகக் கிளை எடுத்து முடித்துவிடுவோம். இப்போதைய வண்டியில் கம்ப்யூட்டர் ஒவ்வொரு விளக்குக்கும் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. 21 வாட் பல்பு இரண்டைக் கூடுதலாகச் சேர்த்தால் கோளாறு என்று முறையிடும், அல்லது அந்த வழியையே அடைத்துவிடும். அதனால் தனி டிரெய்லர் மாட்யூல் போடுகிறோம். அது விளக்கு வயரிலிருந்து சேதியை மட்டும் கேட்டுக்கொள்ளும். டிரெய்லர் பல்புக்கான மின்சாரத்தை பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தானே கொண்டுவரும். ரிவர்ஸ் போடும்போது சென்சார்கள் ஓயாமல் அலறாமல் இருக்கவும், பின்பக்கத் தானியங்கி பிரேக் உள்ள வண்டி தன் டிரெய்லரையே தடை என்று எண்ணி நின்றுவிடாமல் இருக்கவும் வழி செய்ய வேண்டும். சில வண்டிகளில் அதை ஓட்டுபவர்தான் பட்டனை அழுத்தி நிறுத்த வேண்டும். அதைச் சொல்லிக் கொடுப்பதும் வேலையில் சேர்த்திதான்.

வேறு இடத்தில் அவசரமாக வயர் போட்ட வண்டிகள் மழைக்காலம் முடிந்ததும் வரிசையாக வரும். “பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் மங்கலா மினுக்குது” என்பார்கள். மற்ற ஆறையும் விட்டுவிட்டு வெள்ளை வயரை முதலில் பார்ப்பேன். எர்த் சரியில்லையென்றால், ஸ்டாப் விளக்கின் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் மற்ற பல்புகளின் ஊடாகப் புகுந்து போகும். அதுதான் அந்த மினுக்கல். வயரைக் கிள்ளிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பைப் பிரித்தால், உள்ளே செம்பு பச்சை பூத்து, நாலைந்து இழைகளில் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும். பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டு, பெயின்ட் சுரண்டிய சுத்தமான இரும்பில் எர்த்தை இறுக்கினால் தீர்ந்தது.

பிரேக்கைப் பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. டிரெய்லர் பாரத்தோடு 750 கிலோவுக்குள் என்றால் அதற்குப் பிரேக் தேவையில்லை. அதற்கு மேல் 2000 வரை, ஓர் அச்சிலாவது பிரேக் வேண்டும். 2000-ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக், டிரெய்லர் கழன்று ஓடினால் தானே பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். மின்சார பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஓட்டுநர் கையெட்டும் இடத்தில் ஒரு கட்டுப்பாட்டுக் குமிழ் வைப்போம். நீல வயர் அதற்குத்தான்.

எடைக் கணக்கு இங்கேயும் விடாமல் துரத்தும். குண்டில் அழுத்தும் 150 கிலோ, டிக்கியில் வைத்த 150 கிலோவுக்குச் சமமில்லை. அவுட்பேக்கின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.745 மீட்டர். பின் அச்சிலிருந்து குண்டு ஏறத்தாழ 1.1 மீட்டர் பின்னால் நிற்கிறது. ஏற்றக் கிணற்றில் ஒரு பக்கம் மிதித்தால் மறுபக்கம் எழும்புவதுபோல, பின்னால் அழுத்த அழுத்த முன்பக்கம் எழும்பும். கணக்குப் போட்டால் முன் சக்கரங்களிலிருந்து 60 கிலோ குறைந்து, பின் சக்கரங்களில் 210 கிலோ ஏறும். ஸ்டியரிங் லேசாகிவிடுகிறது, இரவில் எதிரே வருபவர்கள் விளக்கை அடித்துத் திட்டுகிறார்கள் என்று சொல்வது இதனால்தான். பிரேக் போடும்போது அதிக வேலை செய்ய வேண்டியவை முன் சக்கரங்கள். அவற்றின் பிடிப்புதான் இங்கே குறைகிறது.

அப்படியானால் பாரத்தையெல்லாம் டிரெய்லரின் பின்பக்கம் தள்ளி, குண்டின் மேல் சுமையைக் குறைத்துவிடலாமே என்று புத்திசாலித்தனமாக ஒருவர் கேட்டார். அது இதைவிட ஆபத்து. மூக்கில் பாரம் குறைந்த டிரெய்லர் வேகம் எடுத்ததும் வால் ஆட்டத் தொடங்கும், ஆட்டம் கூடிக்கொண்டே போய்க் காரையும் சேர்த்து ஆட்டும். மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு குண்டின் மேல் இருக்க வேண்டும் என்பது இங்கே பொதுவான கணக்கு. ஆட்டம் வந்துவிட்டால் காலைத் தூக்கி வேகத்தை மெல்லக் குறைக்க வேண்டும். டிரெய்லருக்குத் தனி பிரேக் குமிழ் இருந்தால் அதை மட்டும் மெதுவாகப் பிடிக்கலாம். கார் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், ஸ்டியரிங்கைத் திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பதும் கூடாது.

குண்டின் மேல் ஏறும் சுமை காரின் சுமைக் கணக்கிலும் சேரும். காருக்குள் 480 கிலோ ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். டோபார் 25, குண்டில் 150. மிச்சம் 305. ஆளுக்கு 70 கிலோ வீதம் நால்வர் ஏறினால் 280. கடைசியில் நிற்பது 25 கிலோ, ஐஸ் பெட்டி ஒன்றும் பாயும் தலையணையும். டிரெய்லர் எடை எல்லைக்குள் இருக்கிறது என்று நிம்மதியாகப் புறப்படும் குடும்பங்களில் காருக்குள் எல்லை தாண்டியவர்கள் நிறைய.

காரவன் வாங்காதவர்களுக்கும் இது பொருந்தும். வாடகைக்குக் கிடைக்கும் ஆறடிக்கு நாலடிப் பெட்டி டிரெய்லர்தான் இங்கே பெரும்பாலோர் இழுப்பது. பிரேக் இல்லாதது, பாரத்தோடு 750 கிலோவைத் தாண்டக் கூடாதது. அதன் சொந்த எடையே இருநூறுக்கு மேல். ஆக, ஐநூறு கிலோ ஏற்றலாம். தோட்டத்துக்கு மணல் விற்கும் இடத்தில் அரை கன மீட்டர் கேட்டால், இயந்திரம் ஒரே அள்ளில் கொட்டிவிடும். ஈர மணல் அரை கன மீட்டர் 800 கிலோ வரும். பெட்டியைப் பார்த்தால் விளிம்பு வரை நிறையாது, இன்னும் கொஞ்சம் போடலாமே என்றுதான் தோன்றும். அதே பெட்டியில் மரச்சீவலை வாய் தளும்பக் குவித்தாலும் கவலையில்லை. கண்ணை நம்பி ஏற்றுகிறவர்கள் அதிகம் ஏமாறுவது மணலில்தான்.

வேலை முடிந்ததும் சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. பட்டறையின் சொந்த டிரெய்லரை மாட்டி, எல்லா விளக்கையும் எரியவிட்டு, சங்கிலி மாட்டும் விதத்தைக் காட்டுவேன். கிண்ணம் குண்டிலிருந்து கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாத அளவுக்குச் சங்கிலி குட்டையாகவும், வளைவில் திரும்பும்போது இழுபடாத அளவுக்கு நீளமாகவும் இருக்க வேண்டும். அதை வண்டிக்காரர் தன் கையால் ஒருமுறை மாட்டிக் காட்ட வேண்டும். இழுக்காத நாளில் நாக்கைக் கழற்றி டிக்கியில் போட்டுவிடச் சொல்வேன். குண்டு நம்பர் பிளேட்டை மறைத்தால் அபராதம், மறைக்காவிட்டாலும் கார் நிறுத்துமிடத்தில் யாருடைய முழங்காலாவது அதில் மோதும்.

கடைசியாக ஒன்று. முதல் பயணத்துக்கு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, ஆட்களும் உட்கார்ந்துகொண்டு, பொது எடைமேடை ஒன்றுக்குப் போய்வாருங்கள். காரையும் டிரெய்லரையும் சேர்த்து ஒருமுறை, பிறகு டிரெய்லரைக் கழற்றாமலே அதன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே நிற்கக் காரை மட்டும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். டிரெய்லர் சக்கரங்களில் எவ்வளவு இருக்கிறது, காரின் மேல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சீட்டே சொல்லிவிடும். கூடுதலாக இருந்தால் எதை இறக்குவது என்று புறப்படும் முன்பே முடிவு செய்யலாம். என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் இறக்கியது தொட்டித் தண்ணீரைத்தான். போய்ச் சேரும் ஊரிலும் குழாய் இருக்கும்.